க்யூசி ஏற மறுத்த லாரி

பன்றி ஏற்றத் துணைக்கு வா என்று தங்கை கூப்பிட்டதற்கு, ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிட்டது மாதிரி இரண்டு சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பியவன் நான். தபால் இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கடிதத்தையும் பார்சலையும் தவிர வேறெதையும் ஊர்விட்டு ஊர் அனுப்பிய அனுபவம் கிடையாது. அதனால் என்ன, பன்றியும் ஒரு பார்சல்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

தூத்துக்குடியில் வெயில் அடித்தாலும் சாயங்காலம் கடல் காற்று வந்து சமாதானம் பேசும். அரக்கோணத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது மாலை ஐந்து மணி. சமாதானம் பேச யாரும் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன், அது வெயில் பக்கம். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "இதுக்கே இன்னா இப்டி தொடைச்சிக்கிறீங்க, இன்னும் கத்திரி வெயில் வர்ல" என்று தைரியம் சொன்னார். ஆற்காட்டில் பஸ் மாறும்போது மக்கன் பேடா இரண்டு சாப்பிட்டேன். சர்க்கரை வியாதிக்காரன் செய்யக் கூடாத காரியம், ஆனால் வெளியூரில் செய்தால் கணக்கில் வராது என்பது என் கொள்கை.

கலவை என்கிற அவள் ஊரில் தங்கை ஜெயராணி பஸ் நிறுத்தத்துக்கே வண்டியோடு வந்திருந்தாள். அவள் கணவர் மஸ்கட்டில் டிரைவர். இவள் பன்னிரண்டு வருஷம் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டினாள். கழுத்தும் இடுப்பும் போய்விட்டது என்று வேலையை விட்டு, குத்தகை இடத்தில் கொட்டகை போட்டு வெள்ளைப் பன்றி வளர்க்க ஆரம்பித்தாள். இப்போது இடத்துக்காரர் மனை போட வேண்டும் என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். நாட்றம்பள்ளி தாண்டி அவள் கணவரின் சித்தப்பாவுக்கு நிலம் இருக்கிறது. அங்கே புதுக் கொட்டகை தயார். பன்றிகள் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

"எத்தனை உருப்படி?" என்றேன்.

"ஆறு. ஆறும் சினையாக்கீது. ரெண்டாவது மாசம். அந்த ஊரு மாட்டு டாக்டரம்மா இப்பவே கூட்டினு வந்துடு, கடைசி மாசத்துல வண்டி ஏத்தாதேன்னு சொல்லிட்டாங்க" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "இந்த ஆறும் நல்லபடியா போய்ச் சேர்ந்து குட்டி போட்டாத்தாண்ணே எனக்குப் பண்ணை. ஒண்ணு ரெண்டு போச்சின்னா மறுபடியும் கம்பெனி பஸ்தான்."

ஆறுக்கும் பெயர் உண்டு. மகாலட்சுமி, ராஜாத்தி என்று இருக்கும் என்று பார்த்தால், ஷூ கம்பெனியில் இருக்கும் பிரிவுகளின் பெயரை வரிசையாக வைத்திருக்கிறாள். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங், பேக்கிங், கடைசியாகத் தரம் பார்த்துக் கழிக்கிற க்யூசி. பேக்கிங் எதைப் போட்டாலும் உள்ளே தள்ளிவிடும். க்யூசி எதைப் போட்டாலும் முகர்ந்து பார்த்து, சுற்றி வந்து, மறுபடி முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயை வைக்கும். என்னையும் அப்படித்தான் முகர்ந்து பார்த்தது. பாஸ் ஆகவில்லை என்று அதன் முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் முழுக்கப் பயிற்சி. பன்றி ஏற்றுவது இவ்வளவு பெரிய படிப்பு என்று எனக்குத் தெரியாது. மண்ணைக் கொட்டி, மேலே பலகை போட்டு, கால் வழுக்காமல் குறுக்கே சட்டம் அடித்துச் சரிவு ஒன்று கட்டியிருந்தாள். இரண்டு பக்கமும் கோணிப்பை மறைப்பு. வெளியே கோழி ஓடினாலும் பன்றி நின்றுவிடுமாம், கீழே நிழல் விழுந்தாலும் நின்றுவிடுமாம். குச்சி எடுக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. இடுப்பு உயரப் பலகை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தால் போதும். பன்றிக்கு அந்தப் பலகைதான் சுவர்.

"இவ்ளோ மரியாதையா உன் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைக்கூட நாம ஏத்தலையே" என்றேன்.

"அவங்க நூத்தி முப்பது கிலோ இல்லையேண்ணே" என்றாள்.

ராத்திரிக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டாள். எங்கள் ஊரில் களி என்றால் உடம்பு சரியில்லாதவனுக்கு. இங்கே உடம்பு சரியாக இருக்கிறவன்தான் அதைச் சாப்பிட முடியும். மென்று தொலைத்துவிட்டேன், அதை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அப்புறம் சொன்னாள். எனக்குக் களி கிடைத்தது, பன்றிகளுக்கு அதுவும் இல்லை. வயிறு நிறைய இருந்தால் வண்டியில் வாந்தி எடுக்கும் என்று சாயங்காலத்தோடு தீனியை நிறுத்திவிட்டாள். தண்ணீர் மட்டும் விடியும் வரை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் லாரி வந்தது. டிரைவர் பெயர் சம்பத். ஆம்பூர்க்காரர், நாற்பது வயசு, வாய் ஓயாத மனிதர். இருபது வருஷமாக ஊர் ஊராகப் பச்சைத் தோல் வாங்கி ஏற்றி ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரிகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். உயிரோடு லோடு அடிப்பது இதுதான் முதல் தடவையாம். "யக்கா, வண்டியைக் கழுவி, வைக்கோல் கூட நானே போட்டு வச்சிட்டேன், பாத்துக்கோங்க" என்றார் பெருமையாக. தங்கை எட்டிப் பார்த்தாள். மெத்தை மாதிரி வைக்கோல். திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

நான் சும்மா இருக்காமல் லாரிக்குள் ஏறி வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளை வெளேர் என்று கல்லுப்பு, விரற்கடை உயரத்துக்கு. தூத்துக்குடிக்காரன் என்றைக்கு உப்பைப் பார்த்துப் பயந்தான்? வெளியூரில் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

"இது எதுக்குப்பா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? உப்பு போடாம நான் தோல் ஏத்தினதே கெடையாது. கெட்டுப்போயிடும்ல? இதுவும் தோல்தானே சார், உள்ள ஆள் இருக்குது, அவ்ளோதான்" என்றார் சம்பத். "காலும் வழுக்காது."

என்ன பொறுப்பான மனிதர் என்று மனசுக்குள் பாராட்டிவிட்டு இறங்கி வந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை தங்கையிடம் சொல்லியிருக்கலாம். தேவையில்லாத நேரத்தில் எல்லாம் பேசுகிற வாய் அது.

முதல் ஐந்தும் பலகைக்கு முன்னால் நல்ல பிள்ளைகளாக நடந்து ஏறிவிட்டன. க்யூசி சரிவின் உச்சி வரை வந்தது. லாரிக்குள் மூக்கை நீட்டியது, முகர்ந்தது, அப்படியே திரும்பி என் கால்களுக்கு நடுவில் புகுந்து கீழே போய்விட்டது. நான் கொஞ்ச தூரம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டே போனேன். மறுபடி கூட்டி வந்தோம். மறுபடி முகர்ந்தது, மறுபடி திரும்பியது. இருட்டுக்குப் பயப்படுகிறதோ என்று தங்கை உள்ளே டார்ச் கட்டினாள். நிழல் தெரிகிறதோ என்று கோணியை இழுத்துக் கட்டினாள். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஏழரைக்கும் அங்கேயே நின்றது. ஏறின ஐந்தும் உள்ளே தண்ணீர் இல்லாமல் நின்றன.

"ரொம்ப பேஜார் பண்ணுதுக்கா, ஒரு தட்டு தட்டட்டா?" என்றார் சம்பத்.

"கை வச்சீங்கன்னா உங்களை ஏத்திட்டு அதை வண்டி ஓட்டச் சொல்வேன்" என்றாள் தங்கை.

கடைசியில் ஒரு வாளியைக் கொண்டுவந்து க்யூசியின் தலையில் கவிழ்த்தாள். தலையில் வாளி விழுந்தால் அதிலிருந்து தப்பிக்கப் பன்றி பின்னோக்கியே போகுமாம். போயிற்று. வால் முன்னால், வாளி பின்னால் என்று சரிவில் பின்பக்கமாகவே ஏறி, லாரிக்குள் போய்ச் சேர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். வாளியை எடுத்தபோது அது எங்களைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா. சுங்கச்சாவடியில் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா லோடு?" என்றார். "கர்ப்பிணிங்க சார், சீக்கிரம் விடுங்க" என்றார் சம்பத். விட்டுவிட்டார்கள். பாலாற்றில் மணலும் முள்செடியும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் தாமிரபரணியைப் பற்றி இரண்டு வார்த்தை பெருமையாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், தங்கை தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்பது அவள் சட்டம். நின்றால் காற்று நின்றுவிடும், பன்றிக்கு வேர்க்காது, சூடு தலைக்கேறும். ஆனால் ஆம்பூர் வழியாகப் போய் பிரியாணி சாப்பிடாமல் தூத்துக்குடி திரும்பினால் என் வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். வேலூரிலிருந்தே அரித்தெடுத்தேன். "பார்சல் வாங்கற நேரம், பத்து நிமிஷம், அதுவும் நிழல்ல" என்று ஒப்புக்கொண்டாள். பத்தரை மணிக்கே பிரியாணி அண்டாவின் தம் உடைத்துவிட்டிருந்தார்கள். புங்க மர நிழலில் லாரியை நிறுத்தி, சம்பத் பார்சலுக்குப் போனார்.

தங்கை பின்னால் போய்ப் பலகை இடுக்கில் பார்த்தாள். "இன்னாண்ணே இதுங்க, படுக்காம வைக்கோலையே நோண்டிக்குனு இருக்குதுங்க?"

"உப்பை நக்குதுங்க" என்றேன். "நல்ல கல்லுப்பு. சம்பத் அடியில பரப்பியிருக்கார். நான் காலையிலேயே பார்த்தேன்."

அவள் திரும்பினாள். "உப்பா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். "காலைலேர்ந்தா?"

போனை எடுத்து நாட்றம்பள்ளி கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்டது. பன்றிக்கு உப்பு அதிகமாகி, தண்ணீரும் இல்லாமல் போனால் அது விஷம். மூளையைத் தாக்கும். "முதல்ல உப்பை வெளிய எடுங்க. தண்ணி குடுங்க, ஆனா ஒரே அடியா விட்றாதீங்க, மூளை வீங்கிடும். ஒண்ணுக்கு ரெண்டு மக், பத்து நிமிஷம் கழிச்சி மறுபடி ரெண்டு மக். எவ்ளோ கத்தினாலும் ஜாஸ்தி குடுக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

பக்கத்து டீக்கடைக்காரர் போர் தண்ணீர்க் குழாயை நீட்டினார். நல்ல மனிதர். நான் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரித்தது. "எங்க ஊர்த் தண்ணி அப்டித்தான் சார், டேனரிங்க புண்ணியம். இதுல பாத்திரம் கழுவலாம், அவ்ளோதான்" என்றார். உப்பு விளைகிற ஊரிலிருந்து வந்தவன் உப்பில்லாத தண்ணீருக்காக நடுத்தெருவில் ஓடினேன். கேன் தண்ணீர் ஆட்டோ ஒன்று வந்தது. இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

"பன்னிக்கா? கேன் தண்ணியா?" என்றார் ஆட்டோக்காரர். குல்லா போட்ட பெரியவர். நான் விஷயத்தைச் சொன்னேன், பாதி அழுகை. கேட்டுக்கொண்டிருந்தவர் ஆட்டோவை ஓரம் கட்டினார். "லாரிகிட்ட நான் வர மாட்டேன்பா, தப்பா எடுத்துக்காத. ஆனா தண்ணிக்கு இன்னா? வாயில்லாத ஜீவனுக்குத் தாகம். எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்க" என்று கேனைத் திறந்து திறந்து வைத்தார். இந்த ஊரில் மனுஷனுக்கும் இதே தண்ணீர்தான், பன்றிக்கும் இதே தண்ணீர்தான் என்று டீக்கடையில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் தங்கையும் லாரிக்குள் ஏறினோம். ஆறையும் பலகையால் முன்பக்கம் ஒதுக்கி நான் பிடித்துக்கொள்ள, சம்பத் மண்வெட்டியால் பின்பக்கத்து உப்பை வாரிக் கொட்டினார். அப்புறம் ஆறையும் பின்பக்கம் ஒதுக்கி முன்பக்கம் வாரினார். ஃபினிஷிங் என் கால் கட்டைவிரல் மேல் நின்றுகொண்டது. அதன் காதில் போய் நகரச் சொன்னேன், நகரவில்லை. "யக்கா, நல்லதுக்குத்தான் போட்டேன்க்கா, சாமி சத்தியமா" என்று சம்பத் சொல்லிக்கொண்டே இருந்தார். கையில் தொங்கிய பிரியாணிப் பையை எங்கே வைத்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. நாய் ஒன்று அதைத் தெரிந்து வைத்திருந்தது.

இரண்டு மக் குடித்ததும் பன்றிகள் கத்த ஆரம்பித்தன. பத்து நிமிஷம். ஆம்பூரே திரும்பிப் பார்க்கிற கத்தல். பேக்கிங் மக்கையே கடித்துப் பிடுங்கப் பார்த்தது. இன்னும் ஒரே ஒரு மக் கொடுத்தால் என்ன என்று நானே இரண்டு தடவை கேனைச் சாய்க்கப் போனேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மரக்கடையிலிருந்து மரத்தூள் வாங்கித் தரையில் போட்டு, கோணிப்பையை நனைத்து விரித்து, பெரியவரிடம் வாங்கிய ஏழு கேனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பெரியவர் கேன்களைத் திரும்பி வரும்போது கொடுத்தால் போதும் என்றார்.

நான் முன் சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் பன்றிகளோடுதான் வந்தேன், ஒரு கையில் மக், ஒரு கையில் கடிகாரம். வாணியம்பாடி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

நாட்றம்பள்ளியில் ஐந்து பன்றிகள் நடந்து இறங்கின. க்யூசி முதலில் இறங்கியது. அது வழி நெடுக உப்பில் வாயே வைக்கவில்லை என்று நினைக்கிறேன், அத்தனை பேரும் தாகத்தில் கத்தியபோதும் அது கொடுத்ததைக் குடித்துவிட்டு நின்றது. நிராகரிக்க வேண்டியதைக் காலையிலேயே நிராகரித்த ஒரே ஆள். நாங்கள்தான் அதன் தலையில் வாளியைக் கவிழ்த்தோம்.

பேக்கிங் இறங்கவில்லை. நாய் மாதிரி உட்கார்ந்து மூக்கை மேலே தூக்கியது. தாங்கிப் பிடித்து இறக்கினோம். புதுக் கொட்டகைக்குள் நேராகப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. சுவர் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. நான் சுவரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன்.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். நிழலில் கிடத்தி ஈரத் துணி போடச் சொன்னார். "மத்த அஞ்சும் தேறிக்கும். இது அளவுக்கு மேல தின்னுருக்குது. நாளைக்குக் காலைல தானா எழுந்து தண்ணிக்குப் போச்சின்னா கவலையில்ல. அதுக்கு முன்னால கேட்டீங்கன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"குட்டிங்க?" என்றாள் தங்கை.

"மொதல்ல தாய்" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் முழுக்க ஜெயராணி அதன் பக்கத்தில் உட்கார்ந்து மக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். என்னிடம், "சாப்ட்டியாண்ணே?" என்றாள். "பாய் அங்க இருக்குது" என்றாள். திட்டவே இல்லை. சின்ன வயசில் அவள் சைக்கிளை நான் இரவல் கொடுத்துத் தொலைத்ததற்கு ஒரு மாசம் திட்டியவள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. நாலு வார்த்தை ஏசித் தொலையேன் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. சம்பத்தும் ஊருக்குப் போகாமல் லாரியிலேயே படுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது கொட்டகையில் சத்தம் கேட்டது. பேக்கிங் எழுந்து நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நின்றது. சுவர்ப் பக்கம் போனது. ஒரு முழம் முன்னால் நின்று சுவரைப் பார்த்தது. பார்த்தது, முட்டவில்லை. திரும்பி, ஃபினிஷிங்கை மூக்கால் இடித்துத் தள்ளிவிட்டு, தொட்டியில் வாயை வைத்தது.

ஜெயராணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். போனை வைத்தாள், மூக்கைத் துடைத்தாள், எழுந்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏண்ணே, உனக்கு அறிவிருக்குதா? காலைல பாத்தியே, வாயில இன்னா வச்சிருந்த? ஊரெல்லாம் பேசற, உலகமெல்லாம் பேசற, பிரியாணி பிரியாணின்னு வேலூர்லேர்ந்து பேசற, உப்புன்னு மூணெழுத்து சொல்ல வாய் வரலியா? வயசாச்சே, பொறுப்பிருக்கும்னு கூப்ட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!" சைக்கிளும் வந்தது. அதற்கு முன்னால் அவள் பொம்மையை நான் கிணற்றில் போட்டதும் வந்தது. லாரியிலிருந்து தலையை நீட்டிய சம்பத் நிலவரம் தெரிந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீங்களும் இறங்கி வாங்க!" என்றாள். வந்து என் பக்கத்தில் நின்றார்.

மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது கேட்டேன்: "நேத்தே திட்டியிருக்கலாமே ராணி?"

"நேத்து எப்டி திட்றது?" என்றாள். "திட்டிட்டு, அது செத்துப் போயிருந்தா? அப்புறம் அந்த வார்த்தை உனக்கும் எனக்கும் நடுவுல சாவற வரைக்கும் நிக்குமேண்ணே. அதான் பல்லைக் கடிச்சிக்குனு இருந்தேன். இப்பத்தான் திட்ட முடியும்."

பேக்கிங் குடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

"அங்க இன்னா பாக்கற? இங்க பாரு, இன்னும் முடியல" என்றாள் என் தங்கை.

பல் தேய்த்த வாயைக்கூடக் கொப்பளிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டேன்.